தந்தம் முளைத்த யானை

9

"கடைசியா ஒரே ஒரு கேள்வி, துரை," என்றார் ஊ சேன். "கைக்குழந்தையா நீங்க பாத்த வரைக்கும் போதும். உங்க மகளுக்கு ஒரு மச்சம், ஒரு தழும்பு, ஏதாவது ஞாபகம் இருக்கா?"

கட்டிலில் கிடந்த வால்டர் கிரிம்ஷா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ஊ சேன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். இந்த ஒரு சங்கதிக்காகத்தான் ஒரு வாரமாக மழையில் நாயாய் அலைகிறார்.

"மேற்குத் தாழ்வாரம்," என்றார் கிழவர்.

"என்னது?"

"கோர்ட்டுக் கட்டடத்தோட மேற்குத் தாழ்வாரம். அந்த வளைவு மொத்தமும் நான் வரைஞ்சது. எங்க மேலதிகாரி தன் பேரைப் போட்டுக்கிட்டான், திருட்டுப் பயல்."

பின்னால் நின்ற கோ ஹான் குனிந்து ஊ சேனின் காதில் ஓதினான். "வாத்தியாரே, மச்சம் மேற்குத் தாழ்வாரத்துல இருக்காம். போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"வாயை மூடு."

"வெள்ளிக்கிழமை பொறந்தவனைப் பாத்து சொல்ற பேச்சா இது?"

வெள்ளிக்கிழமைக்காரன் வாய் ஓயாது என்பது ரங்கூனில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒருத்தனை உதவியாளாக வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட ஒரு கிழவரிடம் மகளைத் தேடித் தரும் வேலைக்கு ஒப்புக்கொண்டது யார் குற்றம்? ஊ சேனுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டினாலும் அந்தச் சுவரைத் தான் எப்படிக் கட்டினேன் என்று கிழவர் ஆரம்பித்துவிடுவார்.

மகளைப் பற்றிக் கேட்டால் மாடத்தைப் பற்றிச் சொல்வார். மனைவியைப் பற்றிக் கேட்டால் மாடிப்படியைப் பற்றிச் சொல்வார். மீசை அரும்பிய வயதில் சீமையிலிருந்து கப்பலேறி வந்து, மராமத்து இலாகாவில் படம் வரைகிறவராகச் சேர்ந்து, பத்தே வருஷத்தில் ரங்கூனின் பாதிக் கடைவீதியை எழுப்பியவர் கிரிம்ஷா. செங்கல்லில் துரைமார் கட்டடம், அதன் தலையில் நம்முடைய பர்மிய மடாலயங்களின் அடுக்குக் கூரை. தொப்பி மேல் தொப்பி போட்ட மாதிரி இருக்கிறது என்று கிளப்பில் மற்ற துரைமார்கள் சிரித்தார்கள். அவர் லட்சியம் பண்ணவில்லை. பசுண்டாங் பக்கம் மா தின் என்கிற பெண்ணோடு குடித்தனம் நடத்தினார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேர் வைப்பதற்குள் ஊரிலிருந்து தந்தி வந்தது. ஆறே மாதத்தில் திரும்பிவிடுகிறேன் என்று கப்பலேறினார். திரும்பி வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சீமையில் அவருடைய கூரைகள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ரயிலடிகளுக்குக் கொட்டகை போட்டார். ஆலை முதலாளிகளுக்குக் கல்லறை கட்டினார். கடைசியில் பாதி பார்வையும் கால்வாசி நுரையீரலுமாக, சாவதற்காகவே ரங்கூனுக்கு வந்து, ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாங்கிப் படுத்துவிட்டார். கப்பலிலிருந்து நேரே கட்டிலுக்குத் தூக்கி வந்ததுதான். தான் கட்டிய ஒரு கட்டடத்தைக்கூட இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

மகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. பிறந்தது புதன்கிழமை. புதன்கிழமைக்கு உரிய மிருகம் யானை என்பதால், அவள் நினைவாக டன்ஸ்டன் தேக்குக் கம்பெனிக் கட்டடத்தின் மூலையில் தன் கையாலேயே ஒரு கல் யானை செதுக்கி வைத்தார். அந்த இரண்டையும், மா தின்னின் பேரோடு சேர்த்து, ஊ சேனைக் கூப்பிடுவதற்கு முன்பே பத்திரிகையில் விளம்பரமாகவும் போட்டுவிட்டார் புண்ணியவான்.

விளைவு, மா லே நுவே. புதன்கிழமைக்காரி என்றால் பேர் 'ல'விலோ 'வ'விலோ ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தது. வயது சரி. நிறம் வெளுப்பு. அம்மா செத்துப்போய்விட்டாள் என்றாள். வந்த அன்றே கிழவரின் கையைப் பிடித்து "அப்பா" என்று அழுதாள். அவள் அழுதபோது கைக்குட்டை நனையவில்லை என்பது ஒன்றுதான் ஊ சேனிடம் இருந்த சாட்சி. அதை எந்தக் கோர்ட்டில் கொடுப்பது, மேற்குத் தாழ்வாரத்திலா?

இன்று சாயங்காலம் வக்கீல் வருகிறார். கையெழுத்து விழுந்தால் இந்த வீடும், கிரிம்ஷா என்ற பேரும், கிழவரின் கட்டிலருகே மகள் என்று உட்காரும் உரிமையும் லே நுவேக்குப் போய்விடும். கிழவர் இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிஜ மகள் எங்கேயோ இருந்தால், அப்பா வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் இருந்துவிடுவாள்.

கதவு திறந்தது. லே நுவே பட்டு லுங்கியும் தலையில் பூவுமாக வந்து நின்றாள்.

"இன்னிக்குப் புதன், அப்பா. நம்ம கிழமை. ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போய் நம்ம மூலையில தண்ணி ஊத்திட்டு ஓடி வந்துடறேன்."

"போ, என் கண்ணு," என்றார் கிழவர்.

அவள் போன கையோடு கஞ்சியக்கா உள்ளே வந்தாள். கிழவருக்குக் கஞ்சி வைக்கவும் உடம்பு துடைக்கவும் வந்த பெண். நெற்றியிலிருந்து தாடை வரை, மரப்பட்டையை அரைத்த தனக்காக் குழம்பை அப்பிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் வேலை பார்ப்பாள். ஊ சேனுக்கும் ஹானுக்கும் ஆளுக்கொரு கோப்பை டீயை வைத்தாள். ஹான் உறிஞ்சிவிட்டு, "அக்கா, உங்க டீக்காகவே இந்தக் கேஸ் முடியக் கூடாதுன்னு வேண்டிக்கறேன்," என்றான். அவள் சிரிக்கவில்லை.

"ஏய், பொண்ணு," என்றார் கிழவர். "திரையை இழு. வெளிச்சம் குத்துது."

இழுத்தாள். "கஞ்சியை மூடி வச்சிருக்கேன். ஒரு எட்டு வெளியில போய்ட்டு வந்துடறேன்," என்றாள். கிழவர் அதற்குள் ஏதோ ஒரு தூணைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

வாசலில் ஊ சேன் குடையை விரித்தார். முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம்.

"ஹான், அவ இன்னிக்கு மாட்டினா."

"எப்படி வாத்தியாரே?"

"பேரை மாத்திக்கலாம். அம்மாவைக்கூட மாத்திக்கலாம். பகோடாவுல கிழமைக்கொரு மூலை இருக்கே, தன் மூலையை மாத்திக்குவாளா? திங்கட்கிழமை பொறந்தவ புதனுக்குத் தண்ணி ஊத்தினா, திங்கள் சும்மா விடுமா? எவ்வளவு பெரிய திருடனா இருந்தாலும் கிரகத்துக்கிட்ட வாலாட்ட மாட்டான். அவ எந்த மூலையில நிக்கறாளோ அதுதான் அவ பொறந்த கிழமை. புதன் மூலை தெற்கு, அங்க நிக்க மாட்டா. பந்தயம்."

"என்ன பந்தயம்?"

"தோத்தா ஒரு மாசம் நீ பேசறதைப் பொறுத்துக்கறேன்."

"ஐயோ, தோத்துடுங்க வாத்தியாரே," என்றான் ஹான்.

* * *

மழை சாய்த்து அடித்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிழக்குப் படிக்கட்டு ஏறி, வழுக்குகிற பளிங்கில் கால் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி, இருவரும் லே நுவேயின் பின்னால் போனார்கள். அவள் வலமாகப் போனாள். முதலில் கிழக்கு மூலை, திங்கட்கிழமைப் புலி. ஊ சேன் மூச்சைப் பிடித்தார். அவள் நிற்கவில்லை.

அடுத்தது தென்கிழக்கு, செவ்வாய்க்கிழமைச் சிங்கம். அது ஊ சேனுடைய சொந்த மூலை. அங்கேயும் நிற்கவில்லை.

"இன்னும் சனி இருக்கு, வியாழன் இருக்கு," என்றார் ஊ சேன் தனக்குத் தானே.

தெற்கு மூலையில் தந்தம் நீண்ட யானை. லே நுவே நின்றாள். பூவைச் செருகினாள். கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு யானை மேல் ஊற்றினாள். அவசரமில்லை, நடிப்பில்லை, சுற்றிலும் பார்க்கவில்லை. கண்ணை மூடி முணுமுணுத்தபோது அவள் முகம் குழந்தை முகம் போல இருந்தது. பிறந்ததிலிருந்து இந்த மூலைக்கு வந்து பழகியவள்தான், சந்தேகமே இல்லை.

ஊ சேன் குடையை மடக்கினார். மழை தலையில் விழட்டும் என்று விட்டுவிட்டார்.

"சுத்தமான புதன்," என்றான் ஹான்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"இன்னிலேர்ந்து ஒரு மாசம்..."

"ஹான், இப்ப ஒரு வார்த்தை பேசின, உன்னை இந்தப் படியிலேர்ந்து உருட்டி விட்டுடுவேன்." மடக்கின குடையால் தரையைக் குத்தினார். கோபமா, அழுகையா, அவருக்கே தெரியவில்லை. "ஒரு வாரம். எத்தனை தெரு, எத்தனை வீடு. எல்லாம் எதுக்கு? ஒரு நிஜ மகளைப் பொய்க்காரின்னு நிரூபிக்க அலைஞ்சிருக்கேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

அவர் அப்படிப் பேசி ஹான் கேட்டதே இல்லை.  மெதுவாக, "கிரகம் சரியில்ல வாத்தியாரே. வாங்க, என் மூலையில ரெண்டு கிண்ணம் ஊத்திட்டுப் போவோம். உங்களுக்கும் சேத்தே ஊத்தறேன்," என்றான்.

அவன் மூலை வடக்கு. சனியையும் வியாழனையும் தாண்டி நடந்தார்கள். வடமேற்கு மூலையில் ஒரே ஒருத்தி நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மழையில் தனக்கா கரைந்து கழுத்து வழியே வழிந்தது.

"அட, நம்ம கஞ்சியக்கா!" ஹானின் நாக்குக்கு உயிர் வந்துவிட்டது. "அக்கா, இந்த மழையிலயும் தண்ணி ஊத்தணுமா? உங்க யானை ஏற்கெனவே குளிச்சுட்டு நிக்குது!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கஞ்சி ஆறிடும்," என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

"ராகு ஜாதகம் வாத்தியாரே, அதான் இந்தக் கடுகடுப்பு. புதன் மத்தியானத்துக்கு மேல பொறந்துட்டா புதன்ல சேத்தி இல்ல, ராகு. வாரத்துல எட்டாவது நாளு. இதுல ஒரு அநியாயம் பாத்தீங்களா? காலையில பொறந்தவங்களுக்குத் தந்தம் வச்ச யானை. மத்தியானம் பொறந்தவங்களுக்கு மொட்டை யானை. இந்த யானைக்குப் பல்லு தேய்க்கிற வேலைகூட இல்ல."

ஊ சேன் காதில் எதுவும் ஏறவில்லை. ஹான் தன் மூலையில் சீமைப்பெருச்சாளிக்குத் தண்ணீர் ஊற்றியதும் இருவரும் படியிறங்கினார்கள். வக்கீல் வீட்டுக்குப் போய், தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். பாதிப் படியில் அவர் கால் நின்றது.

"ஹான், டன்ஸ்டன் கம்பெனி யானை எந்த மூலையில இருக்கு?"

"பக்க வாசலுக்கு மேல. ஆத்துக்காத்து அடிக்கிற மூலை. நாம அன்னிக்கு எதிர்த்த டீக்கடையிலேர்ந்து பாத்தோமே."

"திசையைச் சொல்லு."

ஹான் கையை நீட்டி, சாலையைத் திருப்பிப் போட்டு, ஆற்றைத் திருப்பிப் போட்டு, ஒரு கணக்குப் பண்ணினான். அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"வடமேற்கு," என்றான்.

"ராகு மூலை."

"ஆனா அந்த யானைக்குத் தந்தம் இருக்கே வாத்தியாரே? இந்தா பெருசு, வெள்ளையா, பளபளன்னு."

"அதான் எனக்கும் புரியல. நட."

* * *

டன்ஸ்டன் தேக்குக் கம்பெனியின் காவற்காரன் கதவைத் தன் தொப்பையாலேயே மறித்துக்கொண்டு நின்றான்.

"மேனேஜர் துரை ஊர்ல இல்ல. அனுமதி இல்லாம யாரையும் விட மாட்டேன்."

"யானையைப் பாக்கணும், அவ்வளவுதான்."

"ரோட்லேர்ந்து பாருங்க. காசா கேக்கறோம்?"

"கிட்டப் போய்ப் பாக்கணும்பா."

"கிட்டப் போனா மட்டும் உங்ககிட்ட பேசிடுமா?"

ஊ சேன் கெஞ்சினார். பழைய போலீஸ் குரலில் அதட்டினார். மறுபடி கெஞ்சினார். சாயங்காலம் நெருங்கிக்கொண்டே இருந்தது. கல் யானையிடம் பேசியிருந்தால்கூட இதற்குள் இரண்டு வார்த்தை பதில் வந்திருக்கும். அலுத்துப்போய்த் திரும்பியபோதுதான் பக்கத்தில் ஹானைக் காணோம் என்று கவனித்தார்.

ஹான் மேலே இருந்தான். மழைநீர்க் குழாயைக் கட்டிப்பிடித்து, லுங்கியை மேலே இழுத்துக் கோவணமாகச் செருகிக்கொண்டு, முதல் மாடித் திண்டில் யானையின் மூஞ்சிக்கு நேராக உட்கார்ந்திருந்தான்.

"டேய்! எறங்குடா!" காவற்காரன் அலறினான்.

"வாத்தியாரே! உடம்பெல்லாம் கல்லு! நல்ல வேலைப்பாடு, கண்ணு ரெண்டும் ஈரமா இருக்கிற மாதிரியே செதுக்கியிருக்கார் கிழவர்! ஆனா தந்தம்..." பேனாக்கத்தியால் சுரண்டினான். "வெள்ளைப் பெயிண்ட். உள்ளே சாம்பல். மணல் மணலா உதிருது. இது சிமென்ட்டு வாத்தியாரே!"

"நல்லா பாத்துச் சொல்லு."

"நல்லாத்தான் பாக்கறேன்... ஐயோ!"

தந்தம் அவன் கையோடு வந்துவிட்டது. பிடிமானம் போய்ச் சறுக்கிக்கொண்டே கீழே வந்தவன், மழைக்குத் தொளதொளத்துக் கிடந்த மண்ணில் குந்தின வாக்கில் உட்கார்ந்தான். தந்தத்தை மட்டும் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தான்.

"போச்சு, என் வேலை போச்சு," என்று காவற்காரன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "அது தந்தம் இருந்த யானையே இல்லய்யா. மொட்டையா நின்னுது. முந்தின மேனேஜர் துரைதான், தேக்கு கம்பெனி வாசல்ல தந்தம் உடைஞ்ச யானை நின்னா கம்பெனி திவால்னு வியாபாரிங்க நெனப்பாங்கன்னு சொல்லி ஒட்ட வச்சாரு. உடைஞ்ச தழும்பே இல்லையேன்னு கொத்தன் சொல்லிப் பாத்தான். துரை கேட்டாத்தானே?"

ஊ சேன் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. ஆனால் ட்ராமில் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சந்தோஷமும் வடிந்துவிட்டது. நிஜ மகள் புதன் மத்தியானத்துக்கு மேல் பிறந்தவள். சரி. பேர் 'ய'விலோ 'ர'விலோ ஆரம்பிக்கும். சரி. இந்த ஊரில் அப்படி எத்தனை ஆயிரம் பேர்? அவளை இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கே போய்த் தேடுவது? ஒரு வாரமும் தப்பான எழுத்தைத் தேடிக் கழித்தாயிற்று. தப்பான ஆளைத் துரத்தலாம். சரியான ஆளைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. கிழவர் வெறும் கட்டிலோடு கிடந்து சாக வேண்டியதுதான்.

ட்ராம் ஏரிக்கரைத் திருப்பத்தில் குலுங்கியது.

"கஞ்சி," என்றார் ஊ சேன்.

"பசிக்குதா வாத்தியாரே?"

"கஞ்சி! கஞ்சி ஆறிடும்!" என்று எழுந்து நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

* * *

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லே நுவே கட்டிலருகே உட்கார்ந்து கிழவரின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். சேறு சொட்டச் சொட்ட இரண்டு பேர் உள்ளே நுழைந்து, கட்டில் மேல் ஒரு தந்தத்தை வைத்தார்கள்.

"என்ன இது?" என்றார் வக்கீல்.

"துரை, தடவிப் பாருங்க," என்றார் ஊ சேன். "டன்ஸ்டன் கம்பெனியில நீங்க செதுக்கின யானையோட தந்தம்."

கிழவரின் விரல்கள் சிமென்ட்டைத் தடவின. அடுத்த நிமிஷம், எழுந்து உட்காரவே முடியாது என்று டாக்டர் சொன்ன மனுஷர் எழுந்து உட்கார்ந்தார்.

"எவன்? எவன் என் யானைக்குத் தந்தம் வச்சது? என் யானைக்குத் தந்தம் கிடையாது! முதல்ல வச்சுத்தான் செதுக்கினேன். மா தின் பாத்துட்டு அழுதா. இது நம்ம பொண்ணு இல்ல, எடுங்க எடுங்கன்னா. ராத்திரியும் பகலும் ஒரே பிடிவாதம். அழகான தந்தம்! அவளுக்காக ரெண்டையும் கொத்தி எடுத்து வழவழன்னு தேச்சேன். தெற்கு வாசல்ல வச்சா ரோட்டுக்குத் தெரியும்னேன். கூடாதுன்னுட்டா. ஒருத்தனும் பாக்காத அந்த மூலையிலதான் வைக்கணும்னா. ஏன்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல. பொம்பளைப் பிடிவாதம்னு விட்டுட்டேன்."

"இதை ஒரு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா துரை?" ஊ சேன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ மச்சம்தானேய்யா கேட்ட? யானையைப் பத்தி எங்க கேட்ட?"

ஹான் கூரையைப் பார்த்தான். ஊ சேன் மூன்று தடவை மூச்சை இழுத்து விட்டுவிட்டு லே நுவேயின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீ எப்பப் பொறந்த?"

"புதன்கிழமை," என்றாள் அவள். அவள் பார்வை தந்தத்தை விட்டு நகரவில்லை. இந்த அறையில் விஷயம் முதலில் புரிந்தது அவளுக்குத்தான்.

"காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயா?"

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், வீடு அவளுடையது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிழவரின் கையை மெதுவாக எடுத்துப் போர்வை மேல் வைத்தாள்.

"காலையில. சூரியன் கிளம்பறப்போ," என்றாள். "மத்த எதை வேணா மாத்திச் சொல்லுவேன். அதை மாத்திச் சொல்ல மாட்டேன்."

தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். இந்தத் தடவை அவள் கைக்குட்டை நிஜமாகவே நனைந்திருந்தது.

கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க போறா? அவ என் பொண்ணு இல்லையா? அப்ப என் பொண்ணு எங்க?" என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தை ஊ சேனால் பார்க்க முடியவில்லை.

கஞ்சியக்கா தட்டோடு உள்ளே வந்தாள். தனக்கா மழையோடு போய்விட்டிருந்தது. கழுவின முகத்தில் நீண்ட மூக்கும், கிழவருக்கு இருக்கிற அதே மாதிரிப் பிளந்த மோவாயும் பளிச்சென்று தெரிந்தன. ஹான் கையிலிருந்த குடையை நழுவவிட்டான்.

"ஏய், பொண்ணு," என்றார் கிழவர் எரிச்சலாக, "அப்புறம் கொண்டா. எனக்கு வேண்டாம்."

"துரை," என்றார் ஊ சேன், "இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அதை நான் கேக்க முடியாது, நீங்கதான் கேக்கணும். மூணு வாரமா உங்களுக்குக் கஞ்சி வைக்கிறாங்களே, இவங்க பேர் என்ன?"

"பேரா? எனக்கு எப்படித் தெரியும்?"

"கேளுங்க."

அவள் தட்டை மேஜை மேல் வைத்தாள்.  "எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் ஊ சேனிடம், தாழ்ந்த குரலில். "வீடு யாருக்கு வேணும்? பத்திரிகையைப் பாத்தேன். எப்படிப்பட்ட மனுஷன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். பேரை ஒரு தடவை கேப்பாரு, சொல்லிடலாம்னு இருந்தேன். இன்னிக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு மூணு வாரம் ஓடிப்போச்சு. தூணைப் பத்தி சொன்னாரு, கூரையைப் பத்தி சொன்னாரு. நீங்களும்தான் கேக்கல. டீ மட்டும் குடிச்சீங்க."

ஊ சேன் தலையைக் குனிந்துகொண்டார். கோ ஹான் நழுவின குடையைக் குனிந்து எடுத்தான்.

கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் குரல் வந்த பக்கம் பார்த்தார். மங்கிய பார்வைக்கு முகம் எவ்வளவு தெரிந்ததோ. கையை நீட்டினார். கை காற்றில் துழாவி, அவள் மணிக்கட்டைத் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது.

"உன்... உன் பேரு என்னம்மா?"

அவள் மணிக்கட்டை விலக்கிக்கொள்ளவில்லை. 

"யீ யீ," என்றாள். "சிரிப்புன்னு அர்த்தம். நீங்க கப்பலேறின அன்னிக்கு அம்மா அழுதுக்கிட்டே வச்ச பேரு."

கிழவரின் வாய் கோணியது. "யி..." என்றார். வரவில்லை. மறுபடி, "ஈ..." என்றார். எத்தனையோ கட்டடத்துக்குப் பேர் சொன்ன நாக்கு, அந்த இரண்டு எழுத்தில் தடுக்கித் தடுக்கி விழுந்தது. அவர் கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

யீ யீ கஞ்சியை எடுத்து ஊதினாள். ஒரு கரண்டி மொண்டு அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"முதல்ல இதைக் குடிங்க, ஆறிடும்," என்றாள். "அப்புறம் சொல்லிப் பழகலாம்."